பைல் இல்லாமல் ஒரு கொழும்புப் பயணம்



எங்கள் பக்கத்தில் ஒரு பெண் "நாளைக்குக் கொழும்புக்குப் போகிறேன்" என்று சொன்னால், கேட்பவர் உடனே "ஏன், என்ன வருத்தம்?" என்றுதான் விசாரிப்பார். எங்களுக்குக் கொழும்பு என்றால் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. பத்தரமுல்லையில் பாஸ்போட் வரிசை. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகப் போவதற்கு ஏஜென்சிக்காரரின் வாசல். காணாமற்போன மகனைப் பற்றியோ கணவரைப் பற்றியோ பத்தாவது தடவையாக ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லும் இடம். எங்கே போனாலும் கையில் ஒரு பைல் இருக்கும். அதற்குள் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு. வேலை முடிந்ததும் புறக்கோட்டைக்கு ஓடிவந்து பஸ் ஏறிவிடுவோம். இருபது தடவை போய்வந்தவர்களும் அந்த நகரத்தை ஒரு தடவையேனும் நின்று பார்த்ததில்லை.

அதற்குக் காரணமும் இருந்தது. யுத்த காலத்தில் கொழும்பில் ஓர் இரவு தங்குவதென்றால் பொலிசில் பதிய வேண்டும். வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். அவர்களில் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் வெளிநாடு போக வந்தவர்களும் இருந்தார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஆனால் நகரம் எங்களுக்குச் சொன்ன செய்தி மனதில் நின்றுவிட்டது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முஸ்லிம் சகோதரிகளும் அதே பார்வையைச் சந்தித்தார்கள். உடுப்பைப் பார்த்து ஒதுங்கினார்கள், பையைத் திறக்கச் சொன்னார்கள்.

ஆகவே "கொழும்புக்குப் போய் ஊர் சுற்றிப் பார்த்து, ஒரு நாடகமும் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று இந்த மாதம் நான் எழுதுவதைப் பார்த்துச் சிலருக்குச் சிரிப்பு வரலாம், சிலருக்குக் கோபமும் வரலாம். வீட்டில் கடன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, போய்வந்த ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன்.

முப்பது வருடத்தில் ஒரு நாள்

கற்பிட்டி வீதியில், ஆலங்குடாவுக்குச் சற்று உள்ளே இருக்கிறது அவர்கள் வீடு. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அந்தச் சகோதரி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் அங்கிருந்த முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருக்குப் பதினேழு வயது. கணவர் மன்னார் முசலிப் பக்கத்திலிருந்து வந்தவர். முகாமில் ஓலைக் கொட்டிலில் கலியாணம். அவர் கடலுக்குப் போனார், இவர் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார், கருவாடு காயப்போட்டார். மூன்று பிள்ளைகள். கடைசி மகளுக்கும் இப்போது கலியாணம் முடிந்துவிட்டது.

"அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என்ன பேசுவதென்று தெரியவில்லை" என்றார் அந்தச் சகோதரி. "முப்பது வருடமாக நாங்கள் பேசினதெல்லாம் அரிசி, கடன், பிள்ளைகளுடைய பள்ளிக்கூடம், வீட்டுத்திட்டம். அது தவிர ஒன்றும் பேசிப் பழகவில்லை."

இந்த வார்த்தைகளைப் படிக்கும்போது உங்களில் எத்தனை பேர் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இடம்பெயர்ந்தவர்கள் வீட்டை இழந்தார்கள், காணியை இழந்தார்கள் என்று எழுதுகிறோம். கணவனும் மனைவியும் ஆறுதலாக உட்கார்ந்து பேசும் பழக்கத்தை இழந்ததை யாரும் எந்தப் படிவத்திலும் எழுதவில்லை. நிவாரணத்திலும் அதற்கு இடமில்லை.

யோசனை மகளுடையது. "ஒரு நாளைக்கு இரண்டு பேரும் கொழும்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள். தகப்பன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வயதில் சோடியாகச் சுற்றப் போகிறார்கள் என்று ஊர் சிரிக்கும்" என்றார். தாய்க்கு வேறு யோசனை. பக்கத்து வீட்டில் கணவரைக் காணாமல் தேடிக்கொண்டிருக்கும் பெண் இருக்கிறாள். அவள் பார்த்திருக்க நான் எப்படி உடுத்திக்கொண்டு புறப்படுவேன் என்று நினைத்தார். கடைசியில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்தான் "போயிற்று வாங்கோ. வந்து எனக்குச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினாளாம்.

ஆறு மாதம் ஒரு மைலோ ரின்னில் காசு சேர்த்தார்கள். ஒரு சனிக்கிழமை விடியுமுன் சோற்றுப் பார்சலும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். பாலாவி, சிலாபம், நீர்கொழும்பு வழியாக ஐந்து மணி நேரப் பயணம். "யன்னல் பக்கத்தில் என்னை இருக்கவிட்டார். அதுவே எனக்குப் பெருநாள் மாதிரி" என்றார்.

மூன்று மொழி பேசும் கல்

முதலில் அவர்கள் போனது கொழும்பு தேசிய நூதனசாலைக்கு. வெள்ளை நிறத்தில் பெரிய மாளிகை போன்ற கட்டடம். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில் கட்டப்பட்டு 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. இதைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் கட்டட ஒப்பந்தகாரர். திறப்பு விழாவன்று உமக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். நெடுங்காலம் அப்படியே நடந்தும் வந்தது. தனக்காக ஒன்றும் கேட்காத அந்த மனிதரின் கதையை வாசலில் நின்று கணவருக்குச் சொன்னபோது, "எங்கட ஆள் கட்டினதா?" என்று அவர் மறுபடி ஒரு தடவை கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாராம்.

உள்ளே கண்டி அரசர்களின் சிம்மாசனம் இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனுக்குக் கொடுத்த அன்பளிப்பு அது. 1815இல் கண்டி வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். 1934இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தச் சிம்மாசனத்தில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்தவன். ஓர் அரசனுடைய ஆசனமே கடல் கடந்து இடம்பெயர்ந்து, நூறு வருடத்துக்கு மேல் கழித்து வீடு திரும்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம் அந்தச் சகோதரி. திரும்பி வர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் அதிக நேரம் நின்றது ஒரு கல்லுக்கு முன்னால். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்துக்கும் காணிக்கை செலுத்துவதாகச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பொருட்களின் பட்டியலும் இருக்கிறது. அறுநூறு வருடத்துக்கு முன்பு வந்த ஒரு வெளிநாட்டவன்கூட, இந்தத் தீவில் ஒரு மொழியில் மட்டும் எழுதினால் போதாது என்று தெரிந்து வைத்திருந்தான். எங்கள் அரசாங்க அலுவலகங்களில் தமிழில் ஒரு படிவம் கேட்டு அலைந்த சகோதரிகள் அந்தக் கல்லை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

நூதனசாலைக்குப் பக்கத்திலேயே விகாரமகாதேவிப் பூங்கா. மர நிழலில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். லுஹர் தொழுகைக்குப் பூங்காவின் அடுத்த பக்கத்தில் இருக்கும் தெவட்டகஹ பள்ளிவாசலுக்குப் போனார்கள். இந்தப் பள்ளிவாசலுக்கும் ஒரு பெண்ணின் கதை சொல்வார்கள். எண்ணெய் விற்றுப் பிழைத்த ஏழைச் சிங்களப் பெண் ஒருத்தி, வழியில் இடறி எண்ணெய்ப் பானை உடைந்து, மரத்தடியில் அழுதுகொண்டிருந்தாளாம். அங்கே ஓர் இறைநேசர் தோன்றி அவளுடைய பானைக்கு மறுபடி எண்ணெய் கிடைக்கச் செய்தாராம். அந்த நன்றியில்தான் அந்த இடம் அறியப்பட்டது என்பார்கள். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நடுவீதியில் பிழைப்பு உடைந்து அழும் பெண்ணை இந்த நகரம் நினைவில் வைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் கரையிலிருந்து போன நாடகம்

பிற்பகல் மூன்றரை மணிக்கு லயனல் வென்ட் அரங்கில் நாடகம். நூதனசாலையிலிருந்து நடந்துபோகும் தூரம்தான். வழியில் ஆனந்த குமாரசுவாமியின் பெயரைத் தாங்கிய வீதியும், 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்கும் வரும். லயனல் வென்ட் என்பவர் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1944இல் இறந்துவிட்டார். அவருடைய நினைவாக இந்த அரங்கம் 1953இல் திறக்கப்பட்டது. பல சிங்கள, ஆங்கில நாடகங்களோடு நல்ல தமிழ் நாடகங்களும் இங்கே மேடையேறியிருக்கின்றன.

அன்றைக்கு நடந்தது 'மனமே' என்ற சிங்கள நாடகம். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர எழுதியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி இதே அரங்கில்தான் முதன்முதலாக மேடையேறியது. பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். இன்றுவரை திரும்பத் திரும்ப மேடையேற்றப்பட்டு வருகிறது.

சிங்கள நாடகம் பார்க்க எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. சரச்சந்திர இந்த நாடகத்தை அமைத்தது 'நாடகம' என்ற சிங்களக் கூத்து வடிவத்தில். அந்த வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து பிறந்தது. தமிழ் பேசிய கத்தோலிக்கர் ஆடிய நாட்டுக்கூத்து வழியாகக் கரையோரச் சிங்கள மக்களிடம் போய்ச் சேர்ந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பெயரே 'நாடகம்' என்ற எங்கள் சொல்தான். அதற்கு அடிக்கும் மத்தளத்தைச் சிங்களத்தில் 'தெமள பெரய' என்பார்கள். தமிழ் மேளம் என்று பொருள். 1956 என்பது தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடமும்கூட. பாராளுமன்றம் மொழியால் நாட்டைப் பிரித்த அதே வருடத்தில், கொழும்பு மேடையில் சிங்களத்தின் மிகச் சிறந்த நாடகம் ஒன்று தமிழ் மேளத்தின் தாளத்துக்கு ஆடியது. சில வருடங்களின் பின், 1960களில், பேராதனையிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' போன்ற நாடகங்களாக நவீன மேடைக்குக் கொண்டுவந்தார்.

திரை விலகி, கதை சொல்லும் 'பொத்தே குரு' வந்து பாடத் தொடங்கியதுமே கணவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாராம். "புள்ள, இது எங்கட பக்கத்துக் கூத்து மாதிரியல்லவா இருக்கு. அண்ணாவியார் பாடுற மாதிரியே பாடுறான்" என்று காதுக்குள் சொன்னாராம். சிறுவயதில் மன்னாரில் கோயில் திருநாள்களுக்குக் கூட்டாளிகளோடு போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர் அவர். இருவருக்கும் சந்தையில் பேசும் அளவுக்குச் சிங்களம் தெரியும். கதையை மகள் முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்.

கதை இதுதான். மனமே என்ற இளவரசன் குருவிடம் வித்தைகள் கற்று முடிக்கிறான். குரு தன் மகளை அவனுக்கு மணமுடித்துக் கொடுக்கிறார். புதுத் தம்பதி காட்டு வழியாக ஊருக்குப் புறப்படுகிறார்கள். வேடர் தலைவன் வழிமறிக்கிறான். சண்டை நடக்கிறது. இளவரசன் வேடனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனைவியிடம் வாளைக் கேட்கிறான். அவள் கொடுக்கத் தயங்குகிறாள். தன் கூட்டத்தாரை விலக்கிவிட்டுத் தனியாக நின்று நியாயமாகப் போரிட்டவன், அவனை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறாள். அந்த ஒரு கணத்துக்குள் வாள் வேடன் கைக்குப் போய்விடுகிறது. இளவரசன் கொல்லப்படுகிறான். பின்பு வேடனும் அவளை நம்பாமல் விட்டுவிட்டுப் போகிறான். அவள் காட்டில் தனியே இறந்துபோகிறாள்.

பழைய ஜாதகக் கதையில் குற்றம் முழுவதும் பெண்ணுடையது. நம்பிக்கைத் துரோகி என்று கதை முடிகிறது. சரச்சந்திர அதை மாற்றினார். அவள் தயங்கியது ஏன், அது குற்றமா, இரக்கமா, இரு ஆண்களின் சண்டைக்கு நடுவில் நின்ற பெண்ணுக்கு வேறு வழி இருந்ததா என்ற கேள்விகளைப் பார்ப்பவரிடமே விட்டுவிட்டார். கிட்டத்தட்ட எழுபது வருடமாக இந்த நாட்டுச் சனம் அதைப் பற்றித் தர்க்கித்துக்கொண்டிருக்கிறது.

அந்தச் சகோதரிக்கு இடையில் அழுகை வந்துவிட்டது. பக்கத்து ஆசனத்தில் இருந்த வயதான சிங்களப் பெண்மணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அந்த மனுசியுடைய மகனும் எங்கேயாவது யுத்தத்தில் போயிருப்பானோ என்னவோ" என்றார் என்னிடம்.

திரும்பி வரும் பஸ்ஸில்

அவர் ஏன் அழுதார் என்பதுதான் நான் சொல்ல வந்த விசயம்.

1990இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டபோது, அவருடைய உம்மா அலுமாரியில் இருந்த காணி உறுதியை எடுக்காமல் வந்துவிட்டார். இரண்டு மணி நேரம்; கைக்குழந்தை ஒன்று, காய்ச்சலோடு இன்னொரு பிள்ளை. உறுதியை எடுப்பதற்கு அலுமாரி வரை போய், பிள்ளை கூப்பிட்ட சத்தத்துக்குத் திரும்பி ஓடிவந்தாராம். அதற்குப் பிறகு வாப்பா மௌத்தாகும் வரைக்கும் "உன்னால்தான் காணி போனது" என்ற வார்த்தை அந்த வீட்டில் ஓயவில்லை. உறவினர்களும் சொன்னார்கள். மீள்குடியேற்றம் என்று பேச்சு வந்தபோதெல்லாம் சொன்னார்கள். உம்மா ஒரு பதிலும் சொல்லாமலே மௌத்தாகிவிட்டார்.

பஸ் நீர்கொழும்பு தாண்டியதும் இருட்டில் இதைக் கணவரிடம் சொன்னாராம். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அவருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஒரு நாளும் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. கணவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாராம்: "மாமி உறுதியை எடுத்திருந்தாலும் வழியில் சோதித்துப் பறித்திருப்பார்கள். எத்தனை பேரிடம் பறித்தார்கள். மாமி பிள்ளையை எடுத்தா. அதுதான் சரி."

முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அப்படிச் சொன்னார் என்று எனக்குச் சொல்லும்போதும் அந்தச் சகோதரியின் குரல் உடைந்தது.

சகோதரிகளே, யுத்தத்தில் ஒரு கணம் தயங்கிய பெண்கள் எங்களில் எத்தனை பேர்! "நீ அன்றைக்கு அவனைக் கடைக்கு அனுப்பாமல் இருந்திருந்தால்", "நீ பங்கருக்குள் முதலில் இறங்கியிருந்தால்", "நீ கையைப் பிடித்திருந்தால்" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்கிறோம். துப்பாக்கி வைத்திருந்தவர்களை விட்டுவிட்டு, வாள் கொடுக்கத் தயங்கியவளைக் குற்றவாளி ஆக்குகிறோம். அந்தப் பாரத்தை ஆலோசனைக் கூட்டத்தில் சொல்லச் சொன்னால் வாய் வராது. இன்னொருத்தியின் கதை மேடையில் நடக்கும்போது, இருட்டில், யாரும் எங்களைப் பார்க்காத இடத்தில் அது தானாக இளகுகிறது. நாடகம் பார்ப்பது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று நினைத்து நாங்கள் ஒதுங்கி நிற்கக் கூடாது. எங்கள் பாட்டன்மார் கோயில் வெளியில் விடிய விடியப் பார்த்ததும் இதைத்தான்.

மகளிருக்காக எழுதிய கல்

நாடகம் முடிந்து பஸ் ஏறுவதற்கு முன் அவர்கள் காலிமுகத்திடலுக்குப் போனார்கள். சூரியன் விழும் நேரம். கடலோடு பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கடலில் என்ன புதினம் என்று நினைக்கலாம். "வலை, தோணி, காற்று என்று யோசிக்காமல் கடலைப் பார்த்தது அன்றைக்குத்தான்" என்றாராம் கணவர். இறால் வடை வாங்கித் தின்றார்கள். "எங்கட புத்தளத்து இறாலை எங்களுக்கே இந்த விலைக்கு விற்கிறான்" என்று சிரித்தார்களாம்.

அந்தத் திடலில் ஒரு கல் இருக்கிறது. 1856இல் தொடங்கி 1859இல் அந்த நடைபாதையை முடித்த ஆளுநர் ஹென்றி வோர்ட், கொழும்பு மகளிரினதும் குழந்தைகளினதும் நன்மைக்காக இதைப் பேணுங்கள் என்று தனக்குப் பின் வரும் ஆளுநர்களுக்குச் சிபாரிசு செய்து பொறித்து வைத்தது. அவர் மனதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்களாக இருக்கலாம். ஆனாலும் கல் அப்படிச் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டுப் போராட்ட காலத்தில் சகல இனத்துப் பெண்களும் அங்கே மாதக்கணக்காக இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மகளிர் என்றுதான் எழுதியிருக்கிறது. கணவரோடு வரும் மகளிர் என்று எழுதவில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலர் கணவரை இழந்தவர்கள். சிலருக்கு இருக்கிறாரா இல்லையா என்ற பதில்கூட இன்னும் கிடைக்கவில்லை. சோடியாகப் போகும் கதை உங்களுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் சகோதரியோடு போங்கள், மகளோடு போங்கள், உங்களைப் போலவே இருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போங்கள். கைம்பெண் வெளியே போய்ச் சிரித்தால் இறந்தவருக்கு அவமரியாதை என்று எந்த நியாயமும் சொல்லவில்லை. ஆலங்குடாச் சகோதரி சொன்ன கதையைக் கேட்ட அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் இப்போது ஒரு ரின்னில் காசு போடத் தொடங்கியிருக்கிறாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

செலவை நான்கு பங்காகக் கணக்குப் போடுங்கள்: பஸ் காசு, நுழைவுச் சீட்டு, நாடகச் சீட்டு, முச்சக்கர வண்டிக்கும் தேநீருக்கும் கொஞ்சம். சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோனால் பெருந்தொகை மிஞ்சும். வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். சிறுசேமிப்புக் குழுவில் இருப்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து போனால் இன்னும் மலிவு.

சனி, ஞாயிறுகளில் பிற்பகல் மூன்றரை மணிக் காட்சி இருக்கிறதா என்று முன்பே தொலைபேசியில் கேளுங்கள். இரவுக் காட்சிக்குப் போனால் ஊர் திரும்புவது கஷ்டம். நாடகச் சீட்டில் குறைந்த விலை ஆசனமும் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். யுத்தத்தில் காலை இழந்த கணவரோடு அல்லது பிள்ளையோடு போகிறவர்கள் படிகள் இல்லாத வாசல் எது என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே புறக்கோட்டையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். நூதனசாலையிலும் அரங்கிலும் கழிப்பறை இருக்கிறது. வெளியே வருமுன் பாவித்துவிட்டு வாருங்கள். மருந்து குடிப்பவர்கள் மத்தியான வேளை மருந்தைக் கைப்பையில் வைத்திருங்கள்.

கொழும்பு எட்டாதவர்கள் அருகில் பாருங்கள். உடப்பில் ஆடி மாதம் திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கதையை இன்றும் கேட்கலாம். கடைசியில் தீமிதிப்பும் நடக்கும். தலவிலவில் புனித அன்னம்மாள் திருநாள் இருக்கிறது. பராக்கிரம நிரியெல்லவின் 'ஜனகரலிய' என்ற மக்கள் களரி, சிங்கள, தமிழ் நடிகர்களை ஒன்றுசேர்த்து, கூடார அரங்கைக் கொண்டுபோய்ப் பல மாவட்டங்களில் இரு மொழிகளிலும் நாடகம் போட்டிருக்கிறது. உங்கள் மாதர் சங்கம் ஒன்றுகூடி ஒரு நாடகக் குழுவை ஊருக்கு அழைக்கவும் முயற்சி செய்யலாம்.

கணவரிடம் எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சண்டை பிடித்த அன்றைக்குக் கேட்காதீர்கள். மீன் நன்றாகப் பட்ட நாளில், சாப்பாடு போடும்போது, "நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ்ஸில் கடைசியாக எப்போது போனோம்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் சொல்லுவார். மிச்சத்தை அங்கிருந்து நீங்கள் தொடங்கலாம்.

போய்வந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன செலவு, திரும்பி வரும் பஸ்ஸில் என்ன பேசினீர்கள் என்று எழுதினால், அடுத்துப் போகிறவருக்கு உதவியாக இருக்கும். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம்.